மேகம் நகர்கிறதா?

முதல் நாள்: தில்லி, மயூர் விஹார்

ஆகஸ்ட் மாதத்தில் ராஜஸ்தானுக்கா என்று எங்கள் மாடிப்படியிலேயே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். டிசம்பரில் கேட்கிற ஓட்டல் வாடகை ஓய்வூதியக்காரனுக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மையான பதில். மழைக்காலத்துப் பாலைவனத்தைப் பார்க்க ஆசை என்பது மாடிப்படியில் சொன்ன பதில். இரண்டாவதையே நான்கு தடவை சொன்னதில் நானும் கொஞ்சம் நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஏரலில் இருக்கும் அக்காவிடம் நேற்றிரவு பேசினேன். "குடை எடுத்துக்கொண்டாயா?" என்றாள். பாலைவனத்துக்குப் போகிறேன் அக்கா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நம் ஊர் மட்டும் என்ன சோலையா?" என்றாள்.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதி வறண்ட சீமை. தேரிக்காட்டுச் செம்மணலும் பனையும் உடைமரமுமாக, மழைக்கு ஏங்கியே பழகிய பூமி. அங்கேதான் 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு அப்படியே நின்றுபோனது. தாமிரபரணி அக்காவின் நடுவீட்டுக்குள் நுழைந்து, அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக வெளியேறியது. இரண்டு இரவு மொட்டை மாடியில் இருந்தாள். அன்றிலிருந்து எங்கே மழை என்று சொன்னாலும் அவள் கேட்பது ஒன்றைத்தான்: "மேகம் நகர்கிறதா, நிற்கிறதா?"

லோதி சாலையில் இருக்கும் வானிலைத் துறையின் தலைமையகத்தில் கேட்டாலும் இதையேதான் சுற்றிவளைத்துச் சொல்வார்கள். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் பொழிகிற இடிமேகம் பத்து நிமிடத்தில் நம் தலையைக் கடந்துவிட்டால் விழுவது 10 மில்லிமீட்டர். கொடியில் காயும் துணி நனையும், அவ்வளவுதான். அதே மேகம் மூன்று மணி நேரம் ஓரிடத்தில் நின்றால் 180 மில்லிமீட்டர். தில்லிக்காரர்களுக்கு 2024 ஜூன் 28 நினைவிருக்கும். சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர். ஜூன் மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய சராசரியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மின்டோ பாலத்தின் அடியில் வழக்கம்போல் வண்டிகள் மூழ்கின. செய்தி வாசிப்பவர்கள் எல்லாவற்றையும் 'மேகவெடிப்பு' என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால்தான் அந்தப் பெயர். மற்றதெல்லாம் வெறும் மழைதான்; ஆனால் வெறும் மழையும் ஆளை அடித்துக்கொண்டு போகும்.

வாடகைக் கார் காலை நான்கு மணிக்கு வருகிறது. ஓட்டுநர் பார்மேர் மாவட்டத்துக்காரர். நான், மனைவி, அவளுடைய தம்பி. குடை எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள்: ஜெய்ப்பூர்

ஹவா மகால், ஆமேர் கோட்டை எல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மியின் எதிரே அரைமணி நேரம் நின்றதை மட்டும் எழுதுகிறேன்.

பெயர் டூட்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கெடாமல் இருக்கிற உடல். நைல் நதிக்கரையின் வறட்சி காப்பாற்றிய அந்த உடலை இன்னொரு வறண்ட தேசத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 14 அன்று ஜெய்ப்பூரில் சில மணி நேரத்தில் பெய்த மழை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்துக்குள் புகுந்தது. ஊழியர்கள் மம்மியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துக் காப்பாற்றினார்கள். கோப்புகளும் கலைப்பொருள்களும் நனைந்துபோயின. "செத்த பிறகும் நிம்மதி இல்லை" என்றார் மைத்துனர். அவர் வங்கி ஊழியர், எதையும் இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டார்.

அதே நாளில் லால் டூங்ரி என்ற குன்றோரப் பகுதியில் வந்தது தண்ணீர் மட்டும் இல்லை. குன்றிலிருந்து மணலும் சேர்ந்து இறங்கி, நிறுத்தியிருந்த கார்களையும் வீட்டு வாசல்களையும் மூடியது. தண்ணீர் வடிந்துவிட்டது, மணல் உட்கார்ந்துவிட்டது. பிறகு கார்களைத் தோண்டித்தான் எடுத்தார்கள்.

நாளை ஜோத்பூரில் நிற்காமல் பாலோத்ரா. மனைவிக்கு நாகோடா சமணக் கோயிலைப் பார்க்க வேண்டுமாம்.

மூன்றாம் நாள்: பாலோத்ரா

இரவு பத்தரை மணிக்குத்தான் அறைக்கு வந்தோம். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டோம்.

ஜோத்பூரைத் தாண்டியதும் வானம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. வெயில் காரின் கண்ணாடியைச் சுட்டது. தெற்கே, சிவானா பக்கத்துப் பாறைக் குன்றுகளின் மேல் மட்டும் ஒரு மேகம், உச்சி பட்டறைக்கல்போலப் பரந்து. அடிப்பாகம் மைக்கருப்பு. மனைவி படம் எடுத்தாள். ஒரு தாபாவில் ரொட்டி, கேர் சாங்ரி, மோர் எல்லாம் முடித்து முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். மேகம் அதே குன்றின் மேல் அதே இடத்தில் இருந்தது. இரண்டு படங்களையும் வைத்துப் பார்த்தோம். உருவம் கொஞ்சம் மாறியிருந்தது, இடம் மாறவில்லை. ஓட்டுநர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடிமேகத்தைத் தள்ளிக்கொண்டு போவது மேல்மட்டக் காற்று. மேலே காற்று பலமாக இருந்தால் மேகம் ஓடும், மழை பரவலாக விழும். காற்று சோம்பினால் மேகமும் சோம்பும். குன்று இருந்துவிட்டால் இன்னும் மோசம். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறி, அதே இடத்தில் புதிது புதிதாக மேகத்தைக் கட்டிக்கொண்டே இருக்கும். பழைய மேகம் மெல்ல நகர்ந்து கரைவதற்குள் அதன் முதுகில் புதிய மேகம் முளைத்துவிடும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே மேகம் நிற்பதுபோலத் தோன்றும். கீழே இருக்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லை, மழை விடாது.

மே, ஜூன் மாதங்களில் இங்கே இப்படி நடப்பது குறைவு. அப்போது கீழ்க்காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும். மேகத்திலிருந்து மழை தொங்குவது கண்ணுக்குத் தெரியும், தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடும். குளிர்ந்த காற்று மட்டும் கீழே விழுந்து மண்ணை வாரிக்கொண்டு கிளம்பும். அதுதான் தில்லிவரை வந்து நம் பால்கனித் துணிகளைப் பாழாக்கும் ஆந்தி. ஆகஸ்டில் காற்றில் ஈரம் ஏறியிருக்கும், விழுகிற துளி வீணாகாது.

பாலோத்ராவிலிருந்து குன்றுப் பக்கம் திரும்பிய சிறிய சாலையில் ஒரு தரைப்பாலம் வந்தது. இங்கே 'ரபட்' என்கிறார்கள். பாலம் என்று பெயர்தான். ஓடையின் மடியிலேயே சிமெண்டுச் சாலை இறங்கி ஏறுகிறது, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த குட்டைக் கற்கள். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு நாய்கள் மணலில் படுத்திருந்தன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏன்?" என்றேன்.

"மேகம் அங்கேயே நிற்கிறது, சாப்."

அக்காவை நினைத்துக்கொண்டேன்.

மைத்துனருக்குப் பொறுமை போய்விட்டது. காய்ந்த ஓடை, முப்பது அடி அகலம், கடக்க ஐந்து விநாடி. இதற்குப் போய் வண்டியை நிறுத்துவதா என்றார். ஓட்டுநர் கையை நீட்டி எதிர்க்கரையைக் காட்டினார். அங்கே ஓடைக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை, எங்கள் ஊரில் கீதாரி என்போமே அப்படிப்பட்ட ஒரு பெரியவர், அவசரமே இல்லாமல் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

காத்திருந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். ஓடைக்கரையில் தரை வெடித்து, அப்பளம்போலப் பொருக்குத் தட்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலிலிருந்து அதன் மேல் கொஞ்சம் ஊற்றினேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. தூசியைப் போர்த்திக்கொண்டு உருண்டையாக உருண்டு சரிவில் ஓடியது. விரலால் கீறிப் பார்த்தேன், பொருக்கின் அடியில் மண் உலர்ந்தே இருந்தது. நான்கு எட்டுத் தள்ளி மணல்திட்டின் மேல் அதே அளவு ஊற்றினேன். ஊற்றின சுவடே இல்லை. பாலைவனம் என்றால் உறிஞ்சிவிடும் என்று நினைப்பது இந்த மணல்திட்டைப் பார்த்து வந்த நினைப்பு. தார் பாலைவனத்தில் திட்டுகள் பாதிக்கதைதான். பாறை, வண்டல் பொருக்கு, சுண்ணாம்புக் கெட்டி, மரமில்லாத சரிவு எல்லாம் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி. விழுந்தது அத்தனையும் தாழ்வாரத்துக்கு வந்துவிடும்.

மூன்றேகால் இருக்கும். முதலில் நாய்கள் எழுந்தன. பிறகு ஒரு சத்தம். சரளைக்கல் ஏற்றிய லாரி தூரத்தில் கொட்டுவதுபோல, ஆனால் நிற்காமல். சாலையில் லாரி எதுவும் இல்லை.

திரைப்படத்தில் வருவதுபோலச் சுவராக எழுந்து வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு நாக்கு. ஒரு சாண் உயரம்கூட இல்லை. பழுப்பு நுரை, அதன் முன்விளிம்பில் ஆட்டுப் புழுக்கை, காய்ந்த கேஜ்ரிக் காய்கள், முள்சுள்ளி, ஒற்றை ரப்பர் செருப்பு. ஓடையின் வளைவுகளை முகர்ந்து பார்ப்பதுபோல இடமும் வலமும் தேடிக்கொண்டு வந்தது. தரைப்பாலத்தை எட்டியதும் சிமெண்டின் மேல் மெல்ல ஏறிப் பரவியது. மனைவி, "இவ்வளவுதானா?" என்றாள். என் கைக்கடிகாரத்தில் மூன்று நிமிடம். அதற்குள் வெள்ளைக் கற்களைக் காணவில்லை. நுரை போய்ச் செந்நிறத்தில் புடைத்துப் புடைத்து ஓடியது. அடியில் கற்கள் உருண்டு மோதுகிற ஓசை காலடியில் அதிர்ந்தது. எங்கள் மேல் ஒரு துளி மழை இல்லை. முதுகில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த மூன்று நிமிடத்தின் நடுவில்தான் பால்காரப் பையன் வந்தான். மோட்டார் சைக்கிளில் நான்கு பால் கேன்கள். எல்லோரும் கத்தினோம். தண்ணீர் அவன் சக்கரத்தின் அச்சு உயரம்கூட இல்லை. நடுப்பாலத்தில் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. அவன் புத்திசாலி, வண்டியை விட்டுவிட்டான். விழுந்து, உருண்டு, இருபது முப்பது அடி கீழே ஒரு வேலமுள் புதரைப் பிடித்துக்கொண்டான். எதிர்க்கரைக் கீதாரி தன் தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். பையன் கரையேறியதும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அதே தலைப்பாகையால் அவன் தலையைத் துவட்டினார்.

ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தால் நிற்கிற ஆளைச் சாய்க்கும், ஓர் அடி சிறிய காரைத் தள்ளும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும் என்று படித்திருக்கிறேன். படித்தபோது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தவன் நான். மைத்துனர் காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த 'ஐந்து விநாடி' அவர் மனத்தில் ஓடியிருக்கும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஆண்டலோப் என்ற ஒடுக்கமான மணற்பாறைப் பிளவு இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல் தள்ளிப் பெய்த இடிமழையின் தண்ணீர் அதற்குள் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். இந்தக் கதையை இருட்டும்வரை காத்திருந்தபோது ஓட்டுநரிடம் சொன்னேன். "படித்தவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான், சாப்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் ஏழரைக்கு வடிந்தது. ஒன்பது மணிவரை ஓட்டுநர் எங்களைத் தரைப்பாலத்தின் பக்கம் விடவில்லை. தானே கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, பாலத்தின் ஓரம் அடியில் அரித்துவிட்டது, வந்த வழியே திரும்பிவிடலாம் என்றார். நாகோடா பாக்கி.

நான்காம் நாள்: கவாஸ், பார்மேர்

உடம்பு வலிக்கிறது, சுருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியாது போலிருக்கிறது.

பார்மேருக்கு முன்னால் நெடுஞ்சாலையோரம் கவாஸ் என்ற ஊர். டீ குடிக்கத்தான் நிறுத்தினோம். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நேற்றைய கதையை ஓட்டுநர் அவரிடம் மார்வாரியில் சொன்னார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "அது ஓடிப்போகிற தண்ணீர். எங்களுக்கு வந்தது போகவே இல்லை" என்றார்.

2006 ஆகஸ்ட். பார்மேரில் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வது 280 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த மாதம் சில நாட்களில் 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நேற்று நாங்கள் பார்த்த ஒற்றை இடிமேகத்தின் வேலை இல்லை அது. ஒரு காற்றழுத்தத் தாழ்வு பாலைவனத்தின் மேல் தங்கி, மேகத்துக்குப் பின் மேகமாக இறக்கியது. அளவு வேறு, சங்கதி ஒன்றே: நகரவில்லை. மாவட்டத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கால்நடைகள் ஏராளம்.

கவாஸ் தாழ்ந்த கிண்ணம். சுற்றிலும் மணல்மேடு. கிண்ணத்தின் அடியில் ஜிப்சம் படுகை. நாம் சுவருக்குப் பூசுகிற அதே ஜிப்சம்தான். தண்ணீரைக் கீழே விடாது. வெளியே ஓடவும் வழியில்லை, உள்ளே இறங்கவும் வழியில்லை. பல வாரங்களுக்கு ஊர் ஏரியாகக் கிடந்தது. கூரைகள் முழுகிக் கிடந்தன. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத மாவட்டத்துக்குப் படகுகள் வந்தன. பம்பு வைத்து இறைத்தார்கள். மேட்டில் புது வீடுகள் எழுந்தன.

"எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பள்ளத்தில் யாரும் வீடு கட்டமாட்டார்கள்" என்றார் கடைக்காரர். "ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. பிறகு சாலை வந்தது, ரயில் வந்தது, கடை போட இதுதான் வசதி என்றாகிவிட்டது." தன் கடையின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இதற்கும் மேலே" என்று கையால் காட்டினார். அந்தக் கடையே பள்ளத்தில்தான் இருந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவி கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார்: "மேட்டில் டீ யார் குடிப்பார்கள், மாதாஜி?"

மைத்துனரின் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். 2024 ஏப்ரலில் அங்கே விமான ஓடுபாதை ஏரியானது எல்லோரும் பார்த்ததுதான். அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். மழைநீர் வடிகாலுக்கு வேலையே இல்லாத ஊரில் அதற்கு யார் செலவு செய்வார்கள் என்றார் மைத்துனர். இந்தப் பயணத்தில் அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் இது.

ஐந்தாம் நாள்: ஜெய்சல்மேர்

கோட்டை அழகு. ஓட்டல் அறையில் குழாய் ஒழுகுகிறது. புகார் சொன்னால் மேலாளர் மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார், எங்களை மட்டும் பார்ப்பதில்லை. போகட்டும்.

மாலையில் ஊருக்கு வெளியே ஒரு கதீன், அதாவது மழைநீரைத் தேக்கிப் பயிர் செய்கிற வயல், பார்க்கப் போனோம். பாலிவால் பிராமணர்கள் 15ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பகுதியில் அமைத்தவை. முதல் பார்வையில் ஒன்றுமே இல்லை. பாறைச் சரிவு, அதன் காலடியில் நீண்ட மண்கரை, கரைக்கு உட்புறம் ஒரு வயல். எங்கள் ஊர்க் குளத்துக்கரைபோலத்தான் இருக்கிறது, ஆனால் வேலை தலைகீழ். நம் ஊரில் குளத்தில் தேக்கி, மடை திறந்து, வெளியே இருக்கும் வயலுக்கு விடுவோம். இங்கே வயலே குளம். வயலைப்போல் பல மடங்கு பரப்புள்ள பாறைச் சரிவிலிருந்து திபுதிபுவென்று இறங்கும் மழைநீரைக் கரை தடுத்து நிறுத்துகிறது. மிஞ்சினால் கலிங்கு வழியே போய்விடும். தண்ணீர் வண்டலைப் படியவிட்டு மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மழை முடிந்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். 200 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்கிற மாவட்டத்தில், பாசனம் இல்லாமல் கோதுமை!

முந்தாநாள் நான் பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்ட சங்கதியை, இவர்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வயலாக்கி வைத்திருக்கிறார்கள். உறிஞ்சாத தரையைச் சாபமாக நினைக்காமல் கூரையாக நினைத்திருக்கிறார்கள்.

கரையின் மேல் நடந்துபோனோம். ஓரிடத்தில் சமீபத்தில் போட்ட மண்சாலை கதீனின் வரத்துப் பாதையைக் குறுக்கே வெட்டியிருந்தது. அடியில் ஒரு குழாய்கூட வைக்கவில்லை. சாலைக்கு மேற்புறம் போன வாரத்துத் தண்ணீர் பச்சைப்பாசியோடு தேங்கிக் கிடந்தது. கீழ்ப்புறம் வயல் வெடித்துக் கிடந்தது. போட்டவர் யாராக இருந்தாலும் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

இரவு ரயில். ஓட்டுநர் இங்கிருந்தே தன் ஊருக்குப் போகிறார். காருக்கு வாடகை பேசியபோது பெட்ரோல் கணக்கில் நூறு ரூபாய்க்கு அவரிடம் வாதாடியவன் நான். பிரியும்போது கொடுத்ததை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள்: மீண்டும் தில்லி

ரயில் பழைய தில்லி வந்து சேர்ந்தபோது நல்ல மழை. ஆட்டோக்காரர் இரட்டை வாடகை கேட்டார். கைப்பேசியில் ராடார் படத்தைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி கிழக்கே உத்தரப் பிரதேசத்தின் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. "பத்து நிமிடம் நில்லுங்கள், விட்டுவிடும்" என்று மனைவியிடமும் மைத்துனரிடமும் நிபுணனைப்போலச் சொன்னேன். பன்னிரண்டு நிமிடத்தில் விட்டது. ஆட்டோக்காரர் மீட்டர் போட்டார்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கவிழ்த்தால் ஒரு கைப்பிடி மணல். அக்காவுக்குத் தரைப்பாலத்துப் படங்களை அனுப்பினேன். வெயிலும் வெள்ளமும் ஒரே படத்தில் இருப்பதை நம்பாமல் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பையன் உயிரோடு இருக்கிறானா என்று மூன்றாவது தடவை கூப்பிட்டாள்.

சாயங்காலம் ஓட்டுநரே தொலைபேசியில் வந்தார். பையன் நன்றாக இருக்கிறான், தோளில் மட்டும் தையல். மோட்டார் சைக்கிள் ஒரு கிலோமீட்டர் கீழே, கைப்பிடி மட்டும் வெளியே தெரிய மணலில் புதைந்து கிடந்ததாம். கேன்களில் மூன்றைக் காணவில்லை. நான்காவது மூடி கழலாமல் ஒரு முள்வேலியில் மாட்டியிருந்ததாம்.

உள்ளே பால் இருந்ததா என்று கேட்கச் சொன்னாள் மனைவி. கேட்டேன்.

இருந்ததாம். திரிந்துபோயிருந்ததாம்.